பெண்ணின் உடலுக்கு மருத்துவம் இட்ட பழைய பெயர்கள்: கையேட்டில் எதை விடுவது, எதை வைப்பது?

கொன்றை எழுதியது:

தோட்டத்துப் பெண்களுக்காக நம் ஊர்க் கோயில் மண்டபத்தில் நடக்கவிருக்கும் உடல்நல நிகழ்ச்சிக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதித் தரும் பொறுப்பை ஆசிரியையான என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை, மாதவிடாய் நின்றபின் வரும் தொல்லைகள், உறவின்போது ஏற்படும் வலி, குழந்தையின்மை ஆகியவற்றை எளிய தமிழில் சில பக்கங்களுக்குள் சொல்ல வேண்டும். மாதிரிக்கு என்று பல ஆண்டுகளுக்கு முன் அச்சான ஒரு தமிழ்க் கையேட்டையும் தந்தார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் இங்கே வருகிறேன்.

அதில் பிள்ளை பெறாதவள் ‘மலடி’. உறவில் நாட்டமில்லாதவள் ‘குளிர்ந்த தன்மையுடையவள்’. நாட்டம் மிகுந்தவள் ‘காமப் பித்துக் கொண்டவள்’. அடிக்கடி மயங்கி விழுபவளுக்கு ‘ஹிஸ்தீரியா’; அதற்குப் பரிகாரம் ‘காலாகாலத்தில் திருமணம்’. பால்வினை நோய் ஆணுக்கு வந்தாலும் அதன் பெயர் ‘பெண் சீக்கு’. ஆண்களுக்கான பக்கத்தைப் புரட்டினால் ‘பலவீனம்’, ‘களைப்பு’, ‘மனக்கவலை’ என்ற சொற்கள்தான் இருக்கின்றன. அவனுக்கு வந்தது ஒரு தொல்லை, அவளுக்கு வந்தது அவளுடைய குணம் என்று அந்தக் கையேடு பிரித்து வைத்திருக்கிறது.

எழுதியவரைக் குறை சொல்லி என்ன பயன்? அன்று கையில் கிடைத்த ஆங்கில நூலைப் பார்த்துத் தமிழாக்கியிருப்பார். ஆனால் இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு ‘வெட்கப்படாமல் சோதனைக்கு வாருங்கள்’ என்று கடைசிப் பக்கத்தில் அச்சடிப்பதில் அர்த்தமில்லை. இவற்றில் எவற்றை மருத்துவ உலகமே கைவிட்டுவிட்டது, அவற்றின் இடத்தில் இன்று என்ன வழங்குகிறது, நம் பெண்களுக்குப் புரியும் தமிழ்ச் சொல் எது என்பதை விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மகப்பேற்று_மருத்துவர் எழுதியது:

வணக்கம், ஆசிரியை. நான் இந்தியாவில் படித்துவிட்டு இங்கே மலேசியாவில் அரசாங்க மருத்துவமனையில் பணியாற்றுகிறேன். நீங்கள் குறிப்பிட்ட சொற்களில் பெரும்பாலானவை பாடநூல்களில் ஒருகாலத்தில் இருந்தவைதான். சில, எண்ணிப் பார்த்ததைவிட மிகத் தாமதமாகத்தான் வெளியேறின.

‘காமப் பித்து’ என்பது ‘நிம்ஃபோமேனியா’ என்பதன் தமிழாக்கம். அந்தப் பெயரைப் பரப்பியது, பியான்வில் என்ற மருத்துவர் பிரெஞ்சு மொழியில் எழுதி 1771-இல் வெளிவந்த ஒரு நூல். கதைப் புத்தகம் படிப்பதும் வளமான உணவு உண்பதும்கூட இந்த நோய்க்குக் காரணமாகும் என்று நம்பிய காலம் அது. நூறு ஆண்டுகள் கழித்தும் நிலைமை தேறவில்லை. ஐசக் பேக்கர் பிரௌன் என்ற லண்டன் அறுவை மருத்துவர், பெண்களுக்கு வரும் வலிப்பு, ஹிஸ்தீரியா போன்றவற்றுக்குப் பெண்ணின் பாலின்ப உறுப்பான கிளிட்டோரிஸை அறுத்து எடுப்பதே சிகிச்சை என்று 1866-இல் நூலே எழுதினார். மறு ஆண்டு லண்டன் மகப்பேற்று மருத்துவச் சங்கம் அவரை வெளியேற்றியது. அந்த விவாதத்தில், கணவனுக்கும் குடும்பத்தாருக்கும் சரிவரத் தெரிவிக்காமல் செய்தார் என்பதும் பெரிய குற்றச்சாட்டாக இருந்தது என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

‘குளிர்ந்த தன்மை’ என்பது ‘ஃப்ரிஜிடிட்டி’. இருபதாம் நூற்றாண்டில் இதற்கு வலுவூட்டியவர் உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்ட். கிளிட்டோரிஸ் வழி வரும் இன்பம் சிறுமிப் பருவத்துக்குரியது, முதிர்ந்த பெண்ணின் இன்பம் யோனிக்கு இடம் மாற வேண்டும் என்று 1905-இல் அவர் எழுதினார். அப்படி மாறாத பெண்ணுக்குக் குறைபாடு இருப்பதாகப் பின்வந்தவர்கள் முடிவு கட்டினார்கள். உடற்கூறு அதற்கு எந்த ஆதாரமும் தரவில்லை. கிளிட்டோரிஸ் என்பது வெளியே தெரியும் நுனி மட்டுமல்ல, யோனியின் இருபுறமும் உள்ளே பரந்து கிடக்கும் ஓர் உறுப்பு என்பதை ஆஸ்திரேலியாவின் ஹெலன் ஓகானல் 1998-இல் விரிவாக வெளியிட்டபோது, மருத்துவர்கள் பலருக்கே அது புதுச் செய்தியாக இருந்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1990-இல் ஏற்கப்பட்ட உலக சுகாதார நிறுவன நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பில், ‘பாலுறவு விருப்பமின்மை’ என்ற தலைப்பின் கீழ் ‘ஃப்ரிஜிடிட்டி’ என்ற சொல்லும், ‘மிகையான பாலுந்துதல்’ என்ற தலைப்பின் கீழ் ‘நிம்ஃபோமேனியா’ என்ற சொல்லும் அப்படியே இருந்தன. 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில்தான் அவை விடுபட்டன. புதிய பதிப்பில் பாலுறவுத் தொல்லைகள் மனநோய் அத்தியாயத்திலிருந்து எடுக்கப்பட்டு, ‘பாலுறவு நலன் சார்ந்த நிலைகள்’ என்ற தனி அத்தியாயத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. கட்டுப்படுத்த முடியாத பாலுறவு நடத்தை என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான ஒரே பெயரில் இருக்கிறது. அதிலும், ‘இது பாவம்’ என்ற எண்ணத்தால் மட்டும் ஒருவர் வருந்தினால் அதை நோய் எனக் கொள்ளக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

பழைய_டிரசர் எழுதியது:

டாக்டர் நூல்களைச் சொன்னார். நான் தோட்டத்து ஆஸ்பத்திரிப் பதிவேட்டைச் சொல்கிறேன். 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற தோட்ட மருத்துவ உதவியாளனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஜனங்கள் வாயில் ‘டிரசர் ஐயா’தான்.

அந்த நீளமான பதிவேட்டில் தேதி, செக்ரோல் எண் (தொழிலாளர் பதிவு எண்), பெயர், நோய், மருந்து, வேலைக்குத் தகுதியா ஓய்வா என்று கட்டங்கள் இருக்கும். ‘நோய்’ என்ற கட்டம் ஒரு சொல்லுக்கு மேல் கொள்ளாது. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு மலைக்காட்டுக்குப் போய்ப் பால் மரம் (ரப்பர்) வெட்டிய பெண், ஒன்பது மணிக்கு மர வரிசையிலேயே மயங்கி விழுந்தால், இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வருவார்கள். என் மூத்த டிரசர் அம்மோனியாப் புட்டியை மூக்கருகில் காட்டுவார். கண் விழித்ததும் ‘கல்யாணம் ஆகிவிட்டதா’ என்று கேட்பார். ஆகவில்லை என்றால் அந்தக் கட்டத்தில் விழும் சொல் ‘ஹிஸ்தீரியா’. அவருடைய இளமைக் காலத்தில் அதற்குப் புரோமைடு மிக்சர் கொடுத்ததாகச் சொல்வார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாள்போல் வெளுத்திருக்கும். கொக்கிப்புழுவும் இரத்தசோகையும் புழு மருந்தாலும் இரும்புச்சத்து மாத்திரையாலும் தீரும் நோய்கள். ஆனால் பதிவேட்டில் ஒருமுறை ‘ஹிஸ்தீரியா’ என்று விழுந்துவிட்டால், அடுத்த முறை அந்தப் பெண் வயிற்றுவலி என்று வந்தாலும், கிராணியிலிருந்து (தோட்ட எழுத்தர்) கங்காணி வரை எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் ஓய்வுச் சீட்டைப் பார்ப்பார்கள்.

அந்தச் சொல் கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். கருப்பை உடலுக்குள் அலைகிறது, அதை அடக்கக் கணவனும் பிள்ளையும் வேண்டும் என்பது பண்டைக் கிரேக்க மருத்துவம். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலோ ‘மோகினி பிடித்திருக்கிறது, தாலி ஏறினால் இறங்கிவிடும்’ என்றார்கள். இரண்டுக்கும் இடையே எத்தனை கடல்கள் இருக்கின்றன! வைத்தியம் மட்டும் ஒன்றுதான்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டின் மூன்றாம் பதிப்பில், 1980-இல், ஹிஸ்தீரியாவை நோய்ப் பெயர்களிலிருந்து எடுத்துவிட்டது. நம் நாட்டிலோ தங்கும் விடுதியில் மாணவிகள் அலறினாலும் தொழிற்சாலையில் பெண்கள் மயங்கினாலும், மலாய் நாளிதழ் முதல் தமிழ் நாளிதழ் வரை இன்றும் ‘ஹிஸ்தீரியா’ என்றே தலைப்பிடுகின்றன. எழுபதுகளில் மின்னணுத் தொழிற்சாலைகளில் இது நடந்தபோது, நுண்ணோக்கியில் கண் வைத்தபடி இரவு வேலை பார்த்த அந்தப் பெண்களின் களைப்பைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு; பூஜை போட்டவர்கள் அதிகம்.

ஆகவே ஆசிரியை அம்மா, ‘ஹிஸ்தீரியா’வைக் கையேட்டிலிருந்து எடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ‘மயக்கம் வந்தால் இரத்தம் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்’ என்ற வரியை அந்த இடத்தில் வையுங்கள்.

செம்பனை எழுதியது:

மரியாதையோடு மாறுபடுகிறேன். நான் மருந்தகத்தில் வேலை செய்பவன். சொல்லை மாற்றினால் நோய் மாறாது. ‘மலடி’யைக் ‘குழந்தைப்பேறு வாய்க்காதவர்’ என்று எழுதினாலும் மாமியார் வீட்டில் நடப்பது நடந்துகொண்டுதான் இருக்கும். இன்னொன்றையும் பாருங்கள். ‘ஃப்ரிஜிடிட்டி’ போய் ‘குறைந்த விருப்பக் கோளாறு’ என்று நாகரிகமான பெயர் வந்தது. அதன் பின்னாலேயே, அதற்கென்று ஒரு மாத்திரையும் வந்தது. ஃபிலிபான்செரின் என்ற அந்த மருந்தை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010-இலும் 2013-இலும் ஏற்கவில்லை, 2015-இல் ஏற்றுக்கொண்டது. நாள்தோறும் விழுங்க வேண்டும், மதுவோடு சேர்ந்தால் இரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும், கிடைக்கும் பலனோ சிறிது. பழைய பெயர் பெண்ணை ஏசியது என்றால் புதிய பெயர் அவளிடம் வியாபாரம் செய்கிறது. இரவு வேலை, மூன்று பிள்ளைகள், குடித்துவிட்டு வரும் கணவன் என்று வாழும் ஒருத்திக்கு விருப்பம் இல்லை என்றால் அதற்கு எந்தப் பெயரும் சூட்ட வேண்டியதில்லை.

வேடிக்கையான ஒரு செய்தி: ஹிஸ்தீரியாவுக்குச் சிகிச்சையாகத்தான் விக்டோரியா காலத்து மருத்துவர்கள் அதிர்வுக் கருவியையே கண்டுபிடித்தார்களாம்.

ஆற்றங்கரை எழுதியது:

கடைசியில் சொன்ன செய்தி 1999-இல் வந்த ஒரு நூலால் பரவியது. அந்த நூல் சுட்டும் மூல ஆவணங்களை 2018-இல் இரு ஆய்வாளர்கள் ஒன்றொன்றாகத் தேடிப் படித்துப் பார்த்தார்கள். மருத்துவர்கள் அப்படிச் சிகிச்சை செய்ததற்கு அவற்றில் சான்று இல்லை என்று வெளியிட்டார்கள். சுவையான கதைதான், கையேட்டில் மட்டும் வேண்டாம்.

மகப்பேற்று_மருத்துவர் எழுதியது:

செம்பனை சொன்ன மருந்துச் செய்தி சரியானது, அந்த எச்சரிக்கையும் தேவையானதுதான். விருப்பம் குறைவாக இருப்பது, அந்தப் பெண்ணுக்கே அது வருத்தம் தந்தால் ஒழிய, நோயாகாது. இதைக் கையேட்டில் தனி வரியாகவே எழுதலாம்.

ஆனால் வலியின் கதை வேறு. உறவின்போது தசைகள் தாமாக இறுகி உள்ளே எதுவும் செல்ல இயலாத நிலைக்கு ‘வஜைனிஸ்மஸ்’ என்று பெயரிட்டவர் மேரியன் சிம்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். காலம் 1860-களின் தொடக்கம். 1840-களில் அலபாமாவில், அடிமைகளாக இருந்த கறுப்பினப் பெண்கள்மேல் மயக்க மருந்தில்லாமல் மீண்டும் மீண்டும் அறுவை செய்து பழகியவர் இவர்தான். அனார்க்கா, லூசி, பெட்சி என்ற மூவரின் பெயர்களை வரலாறு வைத்திருக்கிறது. நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் நின்ற அவருடைய சிலையை 2018-இல் அகற்றினார்கள். 2013-இல் அமெரிக்க மனநலக் கையேடு, வஜைனிஸ்மஸையும் உறவு வலியையும் சேர்த்து ‘பிறப்புறுப்பு–இடுப்புப் பகுதி வலி’ என்ற ஒரே தலைப்பில் வைத்தது. இந்த மாற்றத்தால் என்ன பயன் என்று செம்பனைத் தம்பி கேட்கலாம். ‘இவள் ஒத்துழைக்க மறுக்கிறாள்’ என்று கோப்பில் எழுதினால் அறிவுரை கூறி அனுப்பிவிடுவோம். ‘வலி’ என்று எழுதினால் எங்கே வலிக்கிறது என்று தேடுவோம். தேடினால் கிருமித்தொற்று, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்படலம் போன்ற திசு வெளியே வளர்வது), பிரசவத் தையலின் வடு, இடுப்படித் தசைகளின் இறுக்கம் என்று ஏதாவது ஒன்று அகப்படும். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. தசை இறுக்கத்துக்கு இயன்முறைப் பயிற்சியே பெரும்பாலும் உதவுகிறது.

நான்காம்_லயம் எழுதியது:

நான் இத்தனை நாள் படிக்க மட்டுமே செய்தவள். இந்த வலியைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளில் எனக்கு எரிச்சல் தொடங்கியது. சிறுநீர் போகும்போதும் எரியும், கணவர் அருகில் வந்தாலும் கத்தியால் கீறியதுபோல் இருக்கும். வேறோர் ஊரில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். மருத்துவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மலாய் பாசார் அளவுக்குத்தான் வரும். காரோட்டி வந்த என் மகனையே உள்ளே அழைத்து மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அவனுக்கு அப்போது இருபது வயதிருக்கும். மருத்துவர் ஏதோ கேட்டார். அவன் சுவரில் ஒட்டியிருந்த டிங்கிக் கொசுப் படத்தைப் பார்த்துக்கொண்டே, ‘அம்மா, வயசாகி உள்ளே சுருங்கிவிட்டதாம், இன்னும் அப்பாவோடு பழக்கம் இருக்கிறதா என்று கேட்கிறார்’ என்றான். ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதன்பின் இரண்டு தீபாவளி கழியும்வரை எந்த மருத்துவரிடமும் போகவில்லை. உறவை நிறுத்திக்கொண்டால் தீர்ந்தது என்றிருந்தேன், எரிச்சல் தீரவில்லை.

பிறகு வேறோர் இடத்தில் தமிழ் பேசும் ஒரு தாதி, அலமாரிக் கதவைச் சாத்துவதுபோல் சாதாரணமாக, ‘அக்கா, ஹார்மோன் குறைந்தால் அந்த இடம் வறண்டு போகும், கண் வறள்கிற மாதிரிதான், கிரீம் இருக்கிறது’ என்றாள். சில வாரங்களில் சரியாகிவிட்டது.

ஆசிரியை, சுருங்கிவிட்டது, வற்றிவிட்டது, பட்டுப்போயிற்று என்ற சொற்களையெல்லாம் தயவுசெய்து போடாதீர்கள். வறட்சி என்று போடுங்கள். வறட்சிக்குத் தண்ணீர் காட்டலாம். பட்ட மரத்தை யார் பார்ப்பார்கள்?

மகப்பேற்று_மருத்துவர் எழுதியது:

அக்கா, உங்கள் மகன் சொன்னது அந்த மருத்துவர் படித்த நூலில் இருந்ததுதான். ‘முதுமை யோனியழற்சி’, ‘யோனிச் சுருக்கம்’ என்றுதான் எழுதி வந்தார்கள். 2014-இல் வட அமெரிக்க மாதவிடாய் நிறுத்தச் சங்கமும் பெண்கள் பாலுறவு நல ஆய்வுக்கான அனைத்துலகச் சங்கமும் சேர்ந்து, ‘மாதவிடாய் நிறுத்தகாலப் பிறப்புறுப்பு–சிறுநீர்த் தொகுப்பு நோய்’ என்று பெயரை மாற்றின. மூச்சு வாங்கும் நீளம்! உங்கள் ‘வறட்சி’ அதைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த நீளத்துக்குள் சிறுநீர்த் தொல்லையும் அடங்கியிருக்கிறது என்பதே அதன் பயன். திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று என்று ஆன்டிபயாடிக் வாங்கிச் செல்லும் பெண்களுக்கு மூலகாரணம் இதுவாகவே இருக்கலாம். குறைந்த அளவு ஈஸ்ட்ரஜன் கிரீம் உள்ளே பூசுவது பெரும்பாலானோருக்குப் போதும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

வயது வந்த மகனோ மகளோ மொழிபெயர்ப்பாளராக உள்ளே வர வேண்டாம், பெண் தாதியைக் கேட்டுப் பெறுங்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆற்றங்கரை எழுதியது:

பேச்சு தமிழ்ச் சொல்லுக்கு வந்துவிட்டதால் சிலவற்றைச் சொல்கிறேன்.

சபையில் சொல்லத் தகாததை வேறொரு சொல்லால் மறைத்துச் சொல்வதை நன்னூல் ‘இடக்கரடக்கல்’ என்று தகுதி வழக்கில் சேர்த்தது. தொல்காப்பியமும் அவையல் கிளவியை மறைத்துச் சொல்லும்படி கூறுகிறது. நம் மரபில் மறைப்பு என்பது சபைக்குரிய நாகரிகம். ஐரோப்பிய உடற்கூற்று நூல்களோ வெட்கத்தை உறுப்பின் பெயராகவே வைத்தன. பெண்ணின் புறப் பிறப்புறுப்புக்கு அவர்கள் வழங்கிய ‘புடெண்டம்’ என்ற இலத்தீன் சொல்லின் பொருள் ‘வெட்கப்பட வேண்டியது’. அனைத்துலக உடற்கூற்றுக் கலைச்சொல் பட்டியலின் 2019-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அது நீக்கப்பட்டது. அதே வேரில் பிறந்த நரம்பின் பெயர் மட்டும் இன்னும் தங்கியிருக்கிறது. சங்கப் புலவர்கள் ‘அல்குல்’ என்று கூசாமல் பாடினார்கள். அச்சொல்லைக் கையேட்டில் போடச் சொல்லவில்லை, போட்டால் யாருக்கும் புரியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், உடற்கூறு, பிரசவம் உள்ளிட்ட மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், தமிழிலேயே நூல்களை ஆக்கினார். தமிழில் சொல்ல முடியாது என்ற சாக்கு நமக்கு அன்றே போய்விட்டது.

‘மறைவிடம்’ என்று பொதுவாகச் சொல்வதில் ஒரு நடைமுறைத் துன்பம் உண்டு. யோனி, சிறுநீர்த் துளை, கருப்பை, ஆசனவாய் எல்லாமே ‘அந்த இடம்’ ஆகிவிடுகின்றன. ‘அந்த இடத்தில் இரத்தம்’ என்றால் மருத்துவர் நான்கு இடங்களில் தேட வேண்டியிருக்கும். பெயர் சொல்லக் கூசுவது என்பது நம் ஊருக்குப் புதிதில்லைதான்: பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர்ப் பெயர் ஆபாசமாக ஒலிக்கிறது என்று 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். பேருந்தில் ஏறுபவர் இன்னும் ‘பத்தாங்’ என்றுதான் சீட்டுக் கேட்கிறார்.

செம்பனை எழுதியது:

‘கன்னித்திரை’யை என்ன செய்யப் போகிறீர்கள்? மருந்தகத்தில் வாரந்தோறும் யாராவது ஒரு தாய், மகள் மாதவிடாயின்போது உள்ளே டாம்பான் (உறிஞ்சு பஞ்சு) வைத்தால் அது கிழிந்துவிடாதா என்று கேட்கிறார். பாப் ஸ்மியர் என்ற கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனையையும் கல்யாணம் ஆகாதவர்கள் செய்யக் கூடாது என்று பலர் நம்புகிறார்கள்.

மகப்பேற்று_மருத்துவர் எழுதியது:

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். அது திரையே இல்லை. யோனியின் வாயைச் சுற்றியுள்ள மெல்லிய மடிப்பு. ஆளுக்கு ஆள் வடிவம் மாறும், நீளும், பிரசவத்துக்கு முன்பு எந்த உறவும் அதில் தடயம் விடாமலும் போகலாம். அதைப் பார்த்து ஒரு பெண் உறவு கொண்டவளா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. கன்னித்தன்மைச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை, அதை ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் ஐ.நா. பெண்கள் அமைப்பும் 2018-இல் கூட்டாக அறிவித்தன.

நான் படித்த சட்ட மருத்துவப் பாடத்தில் ‘உண்மைக் கன்னி’, ‘போலிக் கன்னி’ என்று இரண்டு பத்திகள் கொண்ட அட்டவணையே இருந்தது. மார்பகம், மடிப்பு, விரல் நுழையும் அளவு என்று வரிசையாக மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினோம். ‘உறவுக்குப் பழகியவள்’ என்ற சொற்றொடர், வல்லுறவுக்கு ஆளான பெண்ணின் மருத்துவ அறிக்கையில் ஏறி, நீதிமன்றத்தில் அவளுக்கு எதிராகவே வாசிக்கப்பட்டது. விரல்களை நுழைத்துப் பார்க்கும் அந்த இருவிரல் சோதனை பெண்ணின் அந்தரங்க உரிமையை மீறுவது என்று இந்திய உச்சநீதிமன்றம் 2013-இல் கூறியது. 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் அதைத் தடை செய்யும்படி உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் உச்சநீதிமன்றம், இனி அதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றம் புரிந்தவராவார் என்றது. இத்தனைக்குப் பிறகும், 2024-இல் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தில் கன்னித்திரையின் முக்கியத்துவமும், பெண்ணுக்குப் பெண் கொள்ளும் உறவு இயற்கைக்கு மாறான குற்றம் என்பதும் திரும்பி வந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றார்கள். நம் நாட்டு மருத்துவர்கள் எத்தனையோ பேர் அங்கே படித்துத்தான் வருகிறார்கள், என்னையும் சேர்த்து.

சுவீடனில் 2009-இல் அங்குள்ள பாலியல் கல்விச் சங்கம், கன்னித்திரை என்ற பொருள்படும் சொல்லை விட்டுவிட்டு ‘யோனி மகுடம்’ என்று பொருள்படும் சொல்லைப் புழக்கத்தில் விட்டது. தமிழில் ‘யோனி வளையம்’ என்று சிலர் எழுதுகிறார்கள்; கருத்தடைக்கு உள்ளே வைக்கும் வளையத்தோடு குழம்பும். ‘யோனிவாய் மடிப்பு’ என்பதே போதும்.

பாப் ஸ்மியரைப் பொறுத்தவரை, ‘திருமணமானவர்களுக்கு’ என்று எழுதாமல் ‘எப்போதாவது பாலுறவு கொண்ட 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு’ என்று எழுதுங்கள். ஒருமுறை உறவு கொண்டு பிரிந்தவரும், விதவையும், மணமாகாதவரும் அதில் அடங்குவார்கள். கால் விரித்துப் படுக்கக் கூசுபவர்களுக்கு இப்போது வேறு வழியும் இருக்கிறது: 2018-இல் மலாயாப் பல்கலைக்கழகம் ஓர் ஆஸ்திரேலிய அமைப்போடு சேர்ந்து தொடங்கிய ‘ரோஸ்’ திட்டத்தில், பெண் தானே மெல்லிய குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுத்தால், முடிவு கைப்பேசிக்கு வந்துவிடும். பள்ளியில் 13 வயது மாணவிகளுக்கு 2010 முதல் எச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) தடுப்பூசி போடுவதையும் குறிப்பிடுங்கள். அதை ‘ஒழுக்கக்கேட்டு ஊசி’ என்று சொல்லி ஒப்புதல் தாளில் கையெழுத்திட மறுத்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய_டிரசர் எழுதியது:

‘மலடி’ என்ற சொல்லைப் பற்றி யாரும் பேசவில்லை. அதற்குத் தமிழில் ஆண்பாலாக ‘மலடன்’ என்று இருந்தும், லயத்தில் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதி இடங்களில் ஆணுக்கும் பங்குண்டு. ஆனால் மூன்று முறை கோயில் சுற்றி, நான்கு கிளினிக் ஏறி இறங்கிய மனைவியின் கணவன், ஒரு புட்டியில் விந்து கொடுக்கச் சம்மதிப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். ‘முதலில் இருவரும் சோதித்துக்கொள்ளுங்கள், விந்துச் சோதனை எளிது, செலவும் குறைவு’ என்று பெரிய எழுத்தில் போடுங்கள். ‘பெண் சீக்கு’க்குப் பதில் ‘பால்வினை நோய்’ என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். அதில் கணவனும் சேர்ந்து மருந்து எடுக்காவிட்டால் திரும்ப வரும் என்பதையும் விடாதீர்கள்.

செம்பனை எழுதியது:

டிரசர் ஐயா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். மருந்தகத்தில் பெண்கள் கேட்பது எப்போதும் அடுத்தவருக்காகத்தான் இருக்கும்: ‘என் தோழிக்கு’, ‘அக்காவுக்கு’. ஆண்கள் நேராகவே பெயர் சொல்லி மாத்திரை கேட்கிறார்கள். ஆகவே கையேட்டில் ஒரு சீட்டு வையுங்கள், ஆசிரியை. ‘வறட்சி’, ‘உறவின்போது வலி’, ‘துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல்’, ‘இடையில் இரத்தம்’ என்று தமிழிலும் மலாயிலும் அச்சடித்துவிட்டால், விரலால் தொட்டுக் காட்டினாலே எங்களுக்குப் போதும். மலாய்ப் பத்தியை நான் எழுதித் தருகிறேன்.

கொன்றை எழுதியது:

செம்பனைத் தம்பியின் சீட்டு, இந்த இழையில் எனக்குக் கிடைத்ததிலேயே கைக்கு உதவும் யோசனை. கடைசிப் பக்கத்தில் கிழித்தெடுக்கும்படி அமைக்கிறேன்.

‘ஹிஸ்தீரியா’, ‘காமப் பித்து’, ‘குளிர்ந்த தன்மை’, ‘பெண் சீக்கு’, ‘மலடி’, ‘கன்னித்திரை’ ஆகியவை கையேட்டில் இரா. விருப்பம் குறைவது என்பதற்குத் தலைப்பே வைக்கவில்லை. டாக்டர் சொன்ன ஒரு வரி மட்டும், வலியைப் பற்றிய பக்கத்தின் கீழே வரும். ‘வெள்ளைப்படுதல்’ இருக்கட்டும், யாரையும் ஏசாத சொல் அது. இயல்பானது எது, மருத்துவரைப் பார்க்க வேண்டியது எது என்று நிறத்தையும் வாடையையும் வைத்துப் பிரித்து எழுதியிருக்கிறேன். நான்காம் லயத்து அக்கா அனுப்பிய ‘வறட்சி’ அப்படியே தலைப்பாகிறது.

முடிவாகாதது ஒன்றுதான். படத்தில் கிளிட்டோரிஸுக்கு என்ன பெயர் எழுதுவது என்பதில், ஆற்றங்கரை ஐயா தனிமடலில் தந்த மூன்று தமிழ்ச் சொற்களில் ஒன்று மன்மதனை இழுக்கிறது, இன்னொன்று ஆணுறுப்பின் சிறு வடிவம் என்று பொருள்படுகிறது, மூன்றாவது எனக்கே புரியவில்லை. கிளிட்டோரிஸ் என்றே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டேன். அந்தப் படப் பக்கத்தைத் தாம் பார்த்த பிறகுதான் அச்சுக்கு அனுப்ப வேண்டும் என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். ஞாயிறு காலை பூஜை முடிந்ததும் டிரசர் ஐயாவும் நானும் போய்க் காட்டுகிறோம்; டாக்டருக்கு அன்று வேலை இல்லை என்றால் அவரும் வர வேண்டுகிறேன்.